சலனமற்ற மணிக்கட்டு

வைகுண்டமணி மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, கைகளைத்தான் பார்ப்பார். தூத்துக்குடித் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்த காலத்தில் படிந்த வழக்கம் அது. முகம் மூன்று வயதிலேயே பொய் பேசக் கற்றுக்கொண்டுவிடுகிறது, கை கடைசிவரை கற்றுக்கொள்வதில்லை என்பது அவருடைய தீர்மானம். காலை நடையில் எதிரே வருபவர் கைகூப்பினால், வணக்கத்தை விட்டுவிட்டு விரல்கள் எப்படிக் கூடின என்று கவனிப்பார். கல்யாணப் பத்திரிகை நீட்டுபவரின் கட்டைவிரல் ஏன் இப்படி அழுந்துகிறது என்று யோசிப்பார். மனைவி செல்லக்கனி காப்பித் தம்ளரை நீட்டினால்கூட ஒரு கணம் தாமதித்தே வாங்குவார்.

"விஷம் வைக்கணும்னா கல்யாணமான புதுசுலயே வச்சிருப்பேன். ஆறுறதுக்குள்ள குடிங்க" என்பாள் அவள்.

ஓய்வுபெற்றதும் தென்மண்டலக் கபடிக் கூட்டமைப்பு அவரைத் தேடி வந்து ஒழுங்குக் குழுச் செயலர் பதவியைக் கொடுத்தது. கபடி அப்போது பெரிய வியாபாரமாகியிருந்தது. எதிர்ப்பக்கம் பாடிப்போகும் ஒவ்வொரு ரைடுக்கும் கைப்பேசியிலேயே பந்தயம் கட்டும் காலம். தோற்ற அணியின் ஆட்கள் நடுவரைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். வைகுண்டமணியோ ஜெயித்த அணி சந்தேகிக்காத நடுவரையும் சந்தேகிப்பார். இப்படிப்பட்டவரிடம்தான் டாக்டர் ஜெபமலர் தம்முடைய நாடிப் பட்டையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

பல்கலைக்கழகத்தில் மனித உடலியல் ஆராய்பவர் ஜெபமலர். நாசரேத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். பட்டை, கடிகார வார்போல மெல்லியதாக இருந்தது.

"ஒரு முடிவுமேல மனுசன் எதையாவது பணயம் வச்சிட்டா, அந்த முடிவு வார நேரத்துல நாடி ஒரு தினுசாத் துள்ளும் சார். பயத்துல துள்ளுறது வேற, ஓடினாத் துள்ளுறது வேற. இது தனி. யாராலயும் அடக்கிப் பழக முடியாது."

"எந்தப் பக்கம் பணயம் வச்சிருக்கான்னு தெரியுமா?"

"தெரியும். தனக்குச் சாதகமாப் போனாக் கோடு மேல ஏறும், பாதகமாப் போனாக் கீழ சரியும்."

"எவ்வளவு வச்சிருக்கான்னு?"

"அது தெரியாது. பத்து ரூபாயா, பத்து லட்சமான்னு நாடி கணக்குப் பார்க்காது சார்."

நடுவர்களிடையே சூதாட்டம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று அறிவதே ஜெபமலரின் நோக்கம், ஆளைப் பிடிப்பதன்று. ஆகவே ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: யார் பெயரும் வெளியே வரக்கூடாது. வைகுண்டமணி ஒப்புக்கொண்டார். நடுவர்களை எல்லாம் கூட்டி, ஜெபமலர் முன்னிலையில் அந்த உறுதியை அவரே சொன்னார். மூத்த நடுவர் கொம்பையா எழுந்து, "பேரு வெளிய வராதுல்லா சார்?" என்று கேட்டார்.

"வராது. அதுக்கு நான் பொறுப்பு."

"சார் சொன்னாப் போதும். கட்டுங்கம்மா" என்று கொம்பையா முதல் ஆளாகக் கையை நீட்டினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் நீட்டினார்கள்.

ஒரு பருவம் முழுதும் பட்டைகள் நடுவர்களின் மணிக்கட்டில் இருந்தன. முடிவைச் சொல்ல ஜெபமலர் வந்தபோது செயற்குழு முறுக்கும் தேநீருமாகக் கலகலப்பாக உட்கார்ந்திருந்தது. நாலில் மூன்று பங்கு நடுவர்களின் நாடி, தாங்கள் ஊதிய ஆட்டத்திலேயே பந்தயத் துள்ளல் துள்ளியிருக்கிறது என்று அவர் சொன்னதும், முறுக்குக் கடிக்கும் ஓசை நின்றது.

"ஆராய்ச்சியே தப்புன்னு ஒரு அறிக்கை விட்ருவோம்" என்றார் பொருளாளர்.

"எதுக்கு அறிக்கை? இந்தம்மா இங்க வரவே இல்லைன்னு வச்சுக்கிடுவோம்" என்றார் துணைத்தலைவர்.

தலைவர் ஆனையப்பன் உப்பள முதலாளி. அவர் இருவரையும் கையமர்த்தினார். "மறைச்சா நாளைக்கு நாறும். நாமளே நாலு பேரைத் தூக்கி வெளிய போட்டா, சங்கம் சுத்தம்னு ஊரே மெச்சும். பேரைச் சொல்லுங்கம்மா."

"பேர் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கு அண்ணாச்சி. நானும் கொடுத்திருக்கேன். சாரும் கொடுத்திருக்காங்க. இது எவ்வளவு பரவியிருக்குன்னு சொல்லுற ஆராய்ச்சிதான். ஏன் பரவியிருக்குன்னு அவங்ககிட்டயே உக்காந்து கேட்டாத்தான் தெரியும். அதுக்கு இன்னொரு பருவம் கொடுங்க."

"கேட்டாச் சொல்லுவானா களவாணிப்பய?" என்று ஆனையப்பன் சிரித்தார். ஜெபமலர் போன பிறகு வைகுண்டமணியின் பக்கம் திரும்பினார். "நீரு கண்டெய்னரைத் திறக்காமலே உள்ள என்ன இருக்குன்னு சொன்ன ஆளு. இது முடியாதா உமக்கு?"

முடிந்தது. அடுத்த பருவத்துக்கு அட்டவணை போட உதவும் என்று சொல்லிப் பெயரில்லாத வரைகோடுகளை ஜெபமலரிடம் கேட்டார். அவரும் நம்பிக் கொடுத்தார். ஒவ்வொரு கோடும் துள்ளிய நேரங்களை ஆட்டங்களின் ஒளிப்பதிவோடு வைத்துப் பார்த்தால், எந்த விசிலுக்கு எந்த நாடி துள்ளியது என்பது தெளிவாகிவிடும். யார் எந்த ஆட்டத்தில் ஊதினார் என்பதை வகுத்தவரே வைகுண்டமணிதானே. சாக்கு மூட்டையில் கத்தி இறங்கி, அரிசிக்குள் ஒளித்துவைத்த சரக்கு முனையில் தட்டுப்படும்போது உண்டாகும் பழைய இன்பம் அவருக்கு மீண்டும் உண்டாயிற்று. கொடுத்த வாக்கு ஓரிரு முறை நினைவுக்கு வந்தது. சூதாடிகளுக்குக் கொடுத்த வாக்கு வாக்காகுமா என்று அதை ஒதுக்கிவிட்டார்.

எல்லாவற்றிலும் பெரிதாகத் துள்ளிய கோடு பேச்சித்தாயினுடையது.

பேச்சித்தாய் ஒரு காலத்தில் மாநில அணிக்கு ஆடியவள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகர் ஆனவள். ஆசியப் போட்டிகளுக்கான நடுவர் பட்டியலில் அவள் பெயர் அந்த மாதம்தான் சேரவிருந்தது. வைகுண்டமணி அவளைத் தனியறையில் உட்காரவைத்து, கோட்டைத் திரையில் காட்டினார்.

"இது யாரோடது?"

அவள் வெகுநேரம் பார்த்தாள். "பேரு வெளிய வராதுன்னு சொன்னிய."

"கேட்டதுக்குப் பதில். பந்தயம் கட்டினியா, இல்லையா?"

"கட்டினேன்."

அவர் இவ்வளவு எளிதாக எதிர்பார்க்கவில்லை. "யார்கிட்ட? எவ்வளவு?"

"யார்கிட்டன்னு சொல்ல மாட்டேன். யாரையும் ஏமாத்தலை சார். ஒரு தப்பு விசில் ஊதினேன்னு காட்டுங்க, இப்பவே விசிலைக் கழத்தி வச்சிட்டுப் போறேன்."

"எத்தனை பேரு சேர்ந்து செய்யுதிய?"

"என்னோட போகட்டும். வேற யார் பேரையும் என் வாயிலிருந்து வாங்க முடியாது."

மேசைமேல் கிடந்த அவளுடைய கைகள் அசையவில்லை. நடுங்கியிருந்தால் குற்றம் என்றிருப்பார். நடுங்காததால், நன்றாகப் பழகிய கை என்று முடிவுசெய்தார்.

மறுநாள் நாளிதழ்களில் அவள் படம் வந்தது. ஆசியப் பட்டியலில் வேறு பெயர் ஏறியது. கூட்டமைப்பின் கடிதத்தைக் கண்ட ரயில்வே அவளைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்து விசாரணைக்கு நாள் குறித்தது. குற்றம் உறுதியானால் வேலையும் போகும். தொடர்ந்து, நாடி துள்ளியவர்கள் அனைவரும், கொம்பையா உட்பட, நீக்கப்பட்டார்கள். நாடி துள்ளாத சிலர்மட்டும் எஞ்சினார்கள். அவர்களுக்குத் 'தூய நடுவர் குழு' என்று பெயர்சூட்டி, பட்டையைக் கட்டாயமாக்கி, ஆனையப்பன் பத்திரிகையாளர்களுக்கு மதிய விருந்தும் கொடுத்தார். முன்பெல்லாம் ஆட்டத்துக்கு முன் நடுவர் அறையிலிருந்து சிரிப்பும் கூச்சலும் கேட்கும். இப்போது ஆஸ்பத்திரி வராந்தாபோல அமைதி. வைகுண்டமணிக்கு அது பிடித்திருந்தது.

தூய குழுவின் மணிமுடி கிருபாகரன். நெடிய உருவம், வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. அவனுடைய கோடு எந்த ஆட்டத்திலும் அசைந்ததில்லை. அரையிறுதிக்கு அவனைத்தான் நிறுத்தினார்கள்.

துறைமுகக் காளைகளும் வல்லநாட்டு வேங்கைகளும் சமநிலையில் இருந்தார்கள். கடைசி ரைடு. இரு அணிக்கும் மறுபரிசீலனை வாய்ப்புத் தீர்ந்துவிட்டது. காளைகளின் ரைடர் எதிர்ப்பக்கம் புகுந்து மூலை ஆட்டக்காரனைக் காலால் தொட்டுவிட்டு, லாபி என்னும் ஓரப்பட்டையில் உருண்டு நடுக்கோட்டுக்குத் திரும்பினான். தொட்ட பிறகு லாபியில் இறங்கினால் புள்ளி. தொடாமல் இறங்கினால் அவன் அவுட். அரங்கமே எழுந்து நின்று அலறியது. வைகுண்டமணியும் தம்மையறியாமல் எழுந்துவிட்டார். தம் நெஞ்சு அடித்துக்கொள்ளும் ஓசை அவருக்கே கேட்டது.

கிருபாகரன் விசிலை ஊதி, ரைடர் அவுட் என்று கை காட்டினான்.

தொட்டதை வைகுண்டமணி தம் கண்ணால் பார்த்திருந்தார். திகைத்துப்போய், நடுவர்களின் நாடிக் கோடுகள் ஓடிக்கொண்டிருந்த மடித்திரையை நோக்கினார். கிருபாகரனின் கோடு, காற்றில்லாத நாளில் உப்பளத்து நீர்போலக் கிடந்தது.

நாற்காலிகள் பறந்தன. போலீஸ் உள்ளே வந்தது. வைகுண்டமணி அந்த ஆரவாரத்தின் நடுவே உட்கார்ந்து, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பத் தம்மிடம் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவு என்னவாகுமோ என்று சுண்டல் விற்பவன்கூடத் தட்டை இறக்கிவைத்துவிட்டு நின்ற நேரத்தில், ஒருவன் மட்டும் எப்படி அமைதியாக இருக்க முடியும்?

ஜெபமலர் அவரைத் தம் ஆய்வுக்கூடத்து வாசலிலேயே நிறுத்தினார். "இன்னும் யார் பேராவது வேணுமா சார்?"

"ஒரு சந்தேகம்மா."

"உங்களுக்கு இல்லாத சந்தேகமா? உள்ள வாங்க."

அவர் கேட்டதைக் கேட்டுக்கொண்ட ஜெபமலர், "என் மகளுக்கு ஒரு கதை சொன்னேன் சார். உங்களுக்கும் சொல்லுதேன்" என்றார்.

"ஒரு பண்ணையில கோழி காணாமப் போய்க்கிட்டே இருந்துச்சு. நாய்ல ஏதோ ஒண்ணுதான் தின்னுதுன்னு பண்ணைக்காரருக்குச் சந்தேகம். எல்லா நாயையும் கோழிக்கூண்டு முன்னால வரிசையா நடக்க விட்டாரு. எந்த நாய் வாலை ஆட்டுதோ அதுக்குத்தான் ஆசைன்னு அவரு கணக்கு. எல்லா நாயும் ஆட்டிச்சு. ஒண்ணு மட்டும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காம, சாமியார் மாதிரி நடந்துச்சு. மத்ததை எல்லாம் அடிச்சு விரட்டிட்டு, அதைக் கூண்டுக்குக் காவல் வச்சாரு."

"அது?"

"அது அப்பத்தான் வயிறு முட்டத் தின்னுட்டு வந்திருந்துச்சு."

ஜெபமலர் மேசைமேல் கிடந்த ஒரு பட்டையை எடுத்துக் காட்டினார்.

"பணயம்னா என்ன சார்? முடிவு தெரியாம இருக்கிறது. தெரியாத முடிவுக்குத்தான் நாடி துள்ளும். எப்படி ஊதணும்னு முன்னாலயே பேசிக் கையிலயும் வாங்கினவனுக்கு முடிவு தெரியுமே? அவனுக்கு அது ஆட்டம் இல்லை, ஆபீஸ் வேலை. என் பட்டை சூதாடுறவனைக் காட்டும். விலைபோனவனைக் காட்டாது. இதைத்தான் சொல்ல வந்தேன். இன்னொரு பருவம் கேட்டேன். நீங்க பேரைத் திருடிட்டுப் போயிட்டிய."

"அப்ப பேச்சித்தாய்? அவளே கட்டினேன்னு ஒத்துக்கிட்டாளே."

"ஒத்துக்கிட்டவங்ககிட்ட என்னத்தைக் கட்டினேன்னு கேட்டியளா?"

கேட்டார்தான்; எவ்வளவு என்று கேட்டார். பணத்தைத் தவிர வேறெதுவும் அவர் எண்ணத்தில் அப்போது இல்லை.

பேச்சித்தாய் ரயில்வே குடியிருப்பின் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டு வேலையை நிறுத்தவில்லை, உட்காரவும் சொல்லவில்லை.

"என்ன சார், வீட்டைச் சோதனை போட வந்தியளா? அரிசி டிரம்மு கீழ இருக்கு. குத்திப் பாருங்க."

"என்னத்தைப் பந்தயம் கட்டினம்மா?"

அவள் ஈரப் புடவையை உதறினாள். தெறித்த நீரை அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"பருப்பு வடை."

"என்னது?"

"வடையும் டீயும். இனிமே யாரைக் காப்பாத்த? எல்லாரையும்தான் அனுப்பிட்டியளே, கேளுங்க. ஆட்டத்துக்கு முன்னால ரூமுக்குள்ள நாங்க சாய்வு சொல்லுவோம். நடுவர், அம்பயர், புள்ளி குறிக்கிறவங்க, எல்லாரும். எந்த அணி ஜெயிக்கும்னு மனசு சொல்லுதோ அதை வாய்விட்டுச் சொல்லி ஒரு வடை கட்டணும். மனசு சாயாத மனுசன் உண்டா சார்? ஆனா நாலு பேரு முன்னால சொல்லிட்டா, அந்தப் பக்கமாத் தப்பா ஊதக் கை கூசும்லா? கூட நிக்கிற அம்பயரும் நான் எந்தப் பக்கம் சாஞ்சிருக்கேன்னு தெரிஞ்சு, அந்தப் பக்கமே கண்ணு வச்சிருப்பாரு. கொம்பையா அண்ணன் பழக்கினது. இருபது வருசமா அதுதான் எங்களுக்குக் காவல்."

"கிருபாகரன்?"

"அவன் ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்குச் சாய்வே கிடையாதுங்கான். சாய்வில்லாதவன்கூட நிக்க எங்களுக்குப் பயமாத்தான் இருக்கும்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருந்தா வடைன்னு நம்பியிருப்பியளா? எல்லாப் பேரையும் வாங்கிட்டு, எல்லாரையும் சேர்த்துத்தான் தூக்கியிருப்பிய." அவள் கடைசித் துணியையும் போட்டுவிட்டுத் திரும்பினாள். "விசாரணையில சங்கத்து சாட்சி நீங்கதானாமே. நல்லாச் சொல்லுங்க. எனக்கு மக காலேஜ்ல படிக்கா."

வீட்டுக்கு வந்து வைகுண்டமணி பேச்சித்தாயின் கோட்டை மறுபடி விரித்தார். முன்பு துள்ளலின் அளவைமட்டுமே பார்த்திருந்தார். இப்போது அது எந்தத் திசையில் துள்ளியது என்று பார்த்தார். பெரிய துள்ளல்களில் பல கீழ்நோக்கிச் சரிந்திருந்தன. தான் சாய்ந்த அணிக்கு எதிராகத் தானே விசில் ஊதிய கணங்கள் அவை. கண்முன் கிடந்த நேர்மையைத்தான் குற்றத்தின் உச்சமென்று அவர் குறித்திருந்தார்.

ஆனையப்பன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "கிருபாகரனைக் காதும் காதும் வச்ச மாதிரி அனுப்பிருவோம். மத்தது அப்படியே இருக்கட்டும்."

"பேச்சித்தாய் வேலை போயிரும் அண்ணாச்சி."

"ரயில்வே பாத்துக்கிடும். 'நாங்க தப்புப் பண்ணிட்டோம்'னு சொன்னா, அடுத்த வருசம் எவன் ஸ்பான்சர் தருவான்? நீரு போயி, கோடு உண்மை, அவளே ஒத்துக்கிட்டான்னு ரெண்டே வார்த்தை சொல்லிட்டு வாரும். அதுல பொய் ஒண்ணும் இல்லையே?"

பொய் இல்லைதான். அதுவே வைகுண்டமணியை உறுத்தியது. ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருந்தும் மொத்தத்தில் ஓர் அநியாயம் எப்படி உருவாகிறது என்பதை வாழ்நாளில் முதன்முறையாக உள்ளிருந்து பார்த்தார்.

"வேற ஏதாவது உளறினீர்னா, பேரை எடுத்தது நீரு தனியாச் செஞ்ச காரியம்னு சங்கம் சொல்லிரும். பாத்துக்கிடும்" என்றார் ஆனையப்பன், முறுக்குத் தட்டை நகர்த்தியபடி.

விசாரணை மதுரையில் நடந்தது. விசாரணை அதிகாரி நரைத்த தலையும் நிதானமும் உள்ள மனிதர். பேச்சித்தாய் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"இந்த வரைகோடு இவங்களோடதுன்னு நீங்க உறுதிசெய்யறீங்களா?"

"செய்யறேன்."

"பந்தயம் கட்டினதா உங்ககிட்ட ஒத்துக்கிட்டாங்களா?"

"ஒத்துக்கிட்டாங்க. பருப்பு வடைக்கு."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். வைகுண்டமணி சொல்லத் தொடங்கினார். சாய்வு சொல்லும் வழக்கத்தை, கோடு கீழ்நோக்கிச் சரிந்த விசில்களை, கிருபாகரனின் அசையாத மணிக்கட்டை, நாயும் கோழிக்கூண்டும் உட்பட எல்லாவற்றையும் சொன்னார். கொடுத்த வாக்கை மீறித் தாம் பெயர்களை எடுத்த விதத்தைச் சொல்லும்போது குரல் தணிந்தது, ஆனால் நிற்கவில்லை. தாம் கையெழுத்திட்டு ரயில்வேக்கு அனுப்பிய புகாரைத் திரும்பப் பெறுவதாகக் கூறி முடித்தார்.

அதிகாரி வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்யவைத்து வாசித்துக் காட்டினார். "...ஆய்வில் பங்குகொண்டவர்களின் பெயர்களைத் தவறுதலாக வெளிப்படுத்திவிட்டேன்..."

"தவறுதலா இல்லைங்க" என்றார் வைகுண்டமணி. "தெரிஞ்சே செஞ்சேன். அப்படியே எழுதுங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க. தெரிஞ்சேன்னு எழுதினா, உங்கமேலயே நடவடிக்கை வரலாம். பல்கலைக்கழகம் வழக்குப் போடலாம்."

"வரட்டும். தவறுதலான்னு எழுதினா, இவங்கமேல விழுந்த கறைக்குச் சொந்தக்காரன் இல்லாமப் போயிரும்."

ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த பேச்சித்தாய் திரும்பி அவரைப் பார்த்தாள். சொல் மாற்றப்பட்டது. அவர் கையெழுத்திட்டார்.

வழக்கைக் கைவிடப் பரிந்துரைப்பதாக அதிகாரி சொன்ன பிறகு, இருவரும் வெளி வராந்தாவுக்கு வந்தார்கள். ஆசியப் பட்டியல் இனி திரும்பாது என்பது இருவருக்கும் தெரியும். வைகுண்டமணி கைகூப்ப முயன்றார்.

"அது கிடக்கட்டும் சார்" என்றாள் அவள். "எனக்காக ஒருத்தர் உள்ள வந்து சொல்லிட்டிய. மத்தவங்களுக்கு? ஊருக்குள்ள தலை நிமிர முடியாம இருக்காங்க."

"ஒவ்வொரு வீடாப் போறேன்மா. வீட்டாளுங்க முன்னாலயே சொல்லுதேன். பேப்பர்லயும் என் பேரைப் போட்டே எழுதிக் கொடுத்திருக்கேன்."

"கொம்பையா அண்ணன் வீட்டுக்கு முதல்ல போங்க. உங்க வார்த்தையை நம்பி முதல்ல கையை நீட்டினவரு அவருதான். கதவைத் திறக்க மாட்டாரு. திறக்கிற வரைக்கும் நில்லுங்க."

மறுநாள் காலை தூத்துக்குடி மூன்றாம் மைலில் பேருந்தைவிட்டு இறங்கி, வைகுண்டமணி கொம்பையாவின் கதவைத் தட்டினார். உள்ளே ஓடிக்கொண்டிருந்த வானொலி அணைந்தது. யாரோ வந்து கதவிடுக்கில் பார்த்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். தெருவில் போன இருவர் அவரை அடையாளம் கண்டு நின்றார்கள்.

வெயில் சுவரிலிருந்து இறங்கித் தெருவைக் கடந்து எதிர்ச்சுவரில் ஏறியது. வைகுண்டமணி நின்றுகொண்டிருந்தார். தாழ்ப்பாள் விலகும் ஓசை கேட்டபோது, உள்ளே வர அனுமதி கேட்காமல், வாசலில் நின்றபடியே, தெருவுக்கும் கேட்கும் குரலில் சொல்லத் தொடங்கினார்.